மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு பலகைகள் தொங்குகின்றன. மேலே இருப்பது 'நல்வரவு'. அதற்குக் கீழே 'உள்ளே வராதீர்'. இரண்டையும் ஒரே பெயிண்டர் ஒரே நாளில் எழுதினார். எதை மேலே மாட்டுவது என்று அவர் கேட்டதற்கு, "முதல்ல வரவேற்கணும், அப்புறம்தான் தடுக்கணும். அதுதான்யா மரியாதை" என்று சுற்றுலா மீட்பு அதிகாரி சொன்னார்.

ஊர் மலைமேல் இருக்கிறது. மூன்று பக்கமும் பாதாளம். நான்காவது பக்கம் ஒரு பாலம். ஊருக்கு நடுவில் ஏரி, ஏரியைச் சுற்றி விடுதிகள், விடுதிகளைச் சுற்றி விடுதிக்கு ஆள் பிடிப்பவர்கள். தொற்று வருவதற்கு முன்பு வரை வெளியூர்க்காரர்கள் வந்து குளிருகிறது என்று சொல்வார்கள். அவர்களுக்குக் கம்பளி விற்று நாங்கள் பிழைத்தோம். தொற்று வந்ததும் பாலம் மூடப்பட்டது. பிறகு ஊரை மீட்பதற்காக ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. அலுவலகம் திறந்துவிட்டதால் பாலத்தைத் திறக்கும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

யாரும் வரக் கூடாது என்று அதிகாரி ஒருபோதும் சொன்னதில்லை. தாராளமாக வரலாம். வந்தவர்கள் விடுதி அறையில் இரண்டு வாரம் தனித்திருக்க வேண்டும், ஜன்னலைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வழக்கமாக சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள். இரண்டு வாரம் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக ஒருவரும் முன்வரவில்லை. ஏன் முன்வரவில்லை என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். மக்களுக்கு இயற்கைமேல் இருந்த ஆர்வம் குறைந்துவிட்டது என்று குழு கண்டுபிடித்தது.

தினமும் சாயங்காலம் மீட்பு அலுவலகத்தின் குமாஸ்தா ஒலிபெருக்கியில் நிலவரம் வாசிப்பார். இருமிக்கொள்வார், பிறகு இருமல் பற்றிக் கவலை வேண்டாம், அது பழைய இருமல் என்பார், பிறகு வாசிப்பார்.

"இன்று வந்த பயணிகள்: இல்லை. நேற்றைக் காட்டிலும் வீழ்ச்சி எதுவும் இல்லை."

ஊர் நிம்மதியாகச் சாப்பிட உட்காரும்.

பாலத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். அதற்குத் திறப்பு விழா நடந்தது. கோட்டைத் திறக்க முடியாது என்பதால், அதன்மேல் ஒரு ரிப்பனைப் போட்டு வெட்டினார்கள். அதிகாரி எப்போதும் தோளில் மாட்டியிருக்கும் கைமைக்கில் பேசினார். வீட்டில் மனைவியிடம் தண்ணீர் கேட்பதற்கும் அதில்தான் பேசுவார் என்று கேள்வி.

"இது வெறும் பெயிண்ட் இல்லை. இது நம்ம மானம்! இந்தக் கோட்டைத் தாண்டினவன் யாரா இருந்தாலும் வெளியூர்க்காரன்! மந்திரி வந்தாலும் சரி, மந்திரியோட மாமியார் வந்தாலும் சரி, ஏன், நானே வந்தாலும் சரி, அனுமதிச் சீட்டு இல்லாம உள்ள விடக் கூடாது! என்னப்பா, புரிஞ்சுதா?"

கடைசிக் கேள்வி தடுப்புக் கம்பருகில் நின்ற காவலாளியிடம். அவன் பெயர் எங்களுக்கு மறந்துபோய்விட்டது. எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் விசில் என்றே கூப்பிடுவோம்.

"நீங்களே வந்தாலும் விடக் கூடாது சார்" என்றான் விசில்.

"சபாஷ்!"

கைதட்டல் பாதாளத்தில் எதிரொலித்துத் திரும்பி வந்தது. இப்படி ஒரு நேர்மையான மனிதரா என்று ஊர் ஒரு வாரம் பேசியது. அதிகாரியும் பேசினார்.

விசிலின் அக்காவைக் கட்டியவர்தான் வாத்துக்காரர். ஏரியில் வாத்து வடிவத்தில் செய்த மிதிபடகுகள் அவருடையவை. வெளியூர்க் கணவனும் மனைவியும் ஏறி, ஆளுக்கொரு பக்கம் மிதித்து, நட்டநடு ஏரியில் சண்டை போட்டுக்கொண்டு வட்டமடிப்பார்கள். வாத்துக்காரர் கரையில் நின்று, "ரெண்டு பேரும் சேர்ந்து மிதிங்க" என்று கத்துவார். இதுதான் அவர் தொழில். இப்போது படகுகள் கரையோரம் பாசி பிடித்துக் கிடந்தன. அதில் ஒன்றில் அசல் வாத்து ஏறி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஊரில் அப்போது ஆள் இருந்த தங்குமிடம் அது ஒன்றுதான்.

வாத்துக்காரருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர் மனைவி மாசமாக இருந்தாள். குழந்தை இன்றைக்கோ நாளைக்கோ என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். பாலத்துக்கு நேரே தெரியும் பச்சை மாடி வீட்டில் அவள் ஜன்னலோரம் படுத்திருந்தாள். அவரிடம் அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தாள்.

"ஏங்க, எனக்கு வலி வரும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். எதுவும் செய்யவேணாம். கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாக்கூடப் போதும்."

"அது எனக்கு நல்லா வரும்" என்றார் வாத்துக்காரர்.

அந்தச் சமயத்தில்தான் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு பயணியையாவது விதிப்படி பாதுகாப்பாக வரவேற்றுக் காட்டினால்தான் ஊரை முழுமையாகத் திறக்க அனுமதி கிடைக்கும். ஊரைத் திறக்காமல் பயணி வர மாட்டார். பயணி வராமல் ஊரைத் திறக்க முடியாது. மற்ற அதிகாரிகள் என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அதிகாரி ஏரிக்கரைக்கு வந்தார்.

"வாத்துக்காரரே, உங்களைப் பயணியா ஆக்கலாம்னு இருக்கோம்!" என்றார் கைமைக்கில். இரண்டடி தூரத்தில் நின்றிருந்த வாத்துக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"நான் உள்ளூர்தானேங்க?"

"அதனாலதான்! வெளியூர்க்காரனை நம்ப முடியுமா? நீங்க பாலத்துல போயி, கோட்டைத் தாண்டி ஒரே ஒரு அடி வைக்கணும். திரும்பி வரணும். நாங்க மாலை போடுவோம். போட்டோ எடுப்போம். ஊர் திறந்துடும். முதல் படகு உங்களோடதுதான் ஓடும்."

"வீட்ல அவளுக்கு நாள் நெருங்கிருக்கு..."

"ஒரே ஒரு அடி. அதுக்குள்ள பிரசவம் ஆயிடுமா?"

அன்று மதியம் மீட்பு அலுவலகத்தில் அவருக்குப் பயிற்சி நடந்தது. பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, தொப்பி, உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு கேமரா. ஜன்னல் வழியாக ஏரியைக் காட்டி வியக்கச் சொன்னார்கள்.

"அடடா" என்றார் வாத்துக்காரர்.

"படகுல ஓட்டை விழுந்த மாதிரி சொல்றீங்களே! இயற்கையைப் பாருங்க!"

வாத்துக்காரர் பார்த்தார். மூன்றாவது படகின் கயிறு அவிழ்ந்திருந்தது. "அடடா!" என்று எழுந்தார்.

"இது! இதுதான் வேணும்!" என்றார் அதிகாரி.

வீட்டில் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாருங்க நீங்க? ரூம் காலி இல்ல."

"ஒரே ஒரு அடிதாம்மா. போயிட்டு உடனே வந்துடறேன்."

"கடைக்குப் போனாலே ஏரி வழியாச் சுத்திட்டு வர்ற ஆளு. போங்க. நேரா போங்க, நேரா வாங்க."

அவர் நேராகத்தான் போனார். பேண்டு வாத்தியம் முழங்கியது. மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரே ஓர் அடி வைத்தார். ஊரே கைதட்டியது. திரும்பினார். தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது.

விசில் ஊதினான். பிறகு சம்பிரதாயமாகக் கேட்டான். "எங்கிருந்து வர்றீங்க?"

"வீட்லேர்ந்துதான்டா, மச்சான்."

"மாமா, டியூட்டில இருக்கும்போது மச்சான்னு கூப்பிடக் கூடாது. அனுமதிச் சீட்டு எங்க?"

அனுமதிச் சீட்டைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. போனிலேயே வாங்கிவிடலாம் என்றார் குமாஸ்தா. வாத்துக்காரர் அங்கேயே நின்று விண்ணப்பித்தார். நிரந்தர முகவரி என்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டதும், 'உள்ளூர்வாசிகள் விண்ணப்பிக்கத் தேவையில்லை' என்று பதில் வந்தது.

"பாத்தியா, எனக்குத் தேவையில்லையாம்" என்று போனைக் காட்டினார்.

"விண்ணப்பிக்காதவங்களை உள்ள விடக் கூடாது மாமா" என்றான் விசில். அவன் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. கம்பு அசையவில்லை.

"சார், வேற ஊர் விலாசம் ஏதாச்சும் போட்டுக்கட்டுமா?" என்று வாத்துக்காரர் அதிகாரியைக் கேட்டார்.

அதிகாரி அதிர்ந்துபோனார். "பொய் விலாசமா? அரசாங்கத்தை ஏமாத்தச் சொல்றீங்களா? அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு இப்படிப் பேசலாமா?" பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஊரைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா! சொந்த மாமாவையே நிறுத்திட்டான்! நம்ம விதி எவ்வளவு பலமான விதின்னு இப்ப உலகத்துக்கே தெரியும்! ஒரு பயணி வந்தார், வெற்றிகரமா தடுத்துட்டோம்!"

பேண்டு மறுபடி முழங்கியது. அப்படித்தான் அறிக்கை போயிற்று. தலைமையகம் பாராட்டுத் தெரிவித்தது. அன்று மாலை குமாஸ்தா இருமிவிட்டு வாசித்தார்.

"இன்று வந்த பயணிகள்: இல்லை. வர முயன்றவர்: ஒருவர். நேற்று யாரும் முயலவில்லை என்பதால், வளர்ச்சி கணக்கில் அடங்காதது."

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பேருந்து நிழற்குடை உண்டு. வாத்துக்காரர் அதில் குடியேறினார். அங்கிருந்து பார்த்தால் தன் வீடு, தன் மாடி, தன் கொடியில் காயும் தன் வேட்டி எல்லாம் தெரிந்தன. மனைவி ஜன்னலிலிருந்து கையசைப்பாள். பிறகு போன் பண்ணுவாள்.

"நேரா போங்க, நேரா வாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நேராத்தான்மா வந்தேன். உன் தம்பிதான் குறுக்க நிக்கிறான்."

"அவன்கிட்ட போனைக் குடுங்க."

"குடுக்க முடியாது. ஆறடி தள்ளி நிக்கணுமாம்."

விசில் சாப்பாட்டுத் தூக்கைக் கோட்டின்மேல் வைத்துவிட்டு ஆறடி பின்வாங்குவான். வாத்துக்காரர் முன்னால் வந்து எடுத்துக்கொள்வார். பிறகு இருவரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து குடும்ப விஷயம் பேசுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் விசில் எழுந்து, "எங்கிருந்து வர்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டுவைப்பான். கேட்காவிட்டால் கடமை தவறியதாகிவிடும்.

மீட்பு அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. வாராது வந்த பயணியை வீணாக்கலாமா? மறுநாளே வழிகாட்டி ஒருவரைக் கோட்டருகே அனுப்பினார்கள். அவர் சின்னக் கொடியை உயர்த்திப் பிடித்து ஊரைச் சுட்டிக்காட்டினார்.

"வலப்பக்கம் நீங்கள் காண்பது ஏரி. மிதிபடகுகளுக்குப் பெயர் பெற்றது. இடப்பக்கம் அந்தப் பச்சை மாடி வீடு. இங்கேதான் ஒரு படகுக்காரர் வாழ்ந்து வந்தார்..."

"வந்தாரா? யோவ், நான் இன்னும் இருக்கேன்யா!"

"கேள்விகளைக் கடைசியில் கேட்கவும்" என்றார் வழிகாட்டி.

அதன்பின் குமாஸ்தா கருத்துக் கேட்க வந்தார். காகிதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, "எங்கள் ஊரைப் பற்றி உங்கள் கருத்து?" என்றார்.

"சார், என்னை உள்ள விடச் சொல்லுங்க சார். நான் உள்ள போகணும்."

குமாஸ்தா உதட்டைக் கடித்து யோசித்து எழுதினார்: 'மீண்டும் வர விரும்புகிறார்.'

வலி ஒரு காலை நேரத்தில் வந்தது. நர்ஸம்மா பையோடு பச்சை வீட்டுக்குள் ஓடுவதை வாத்துக்காரர் நிழற்குடையிலிருந்து பார்த்தார். போன் பண்ணினார். யாரும் எடுக்கவில்லை. ஓடிவந்து கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், விடுறா. உங்கக்காடா."

"தெரியும் மாமா."

"வாக்குக் குடுத்திருக்கேன்டா. கையைப் பிசைஞ்சுக்கிட்டாவது நிக்கிறேன்னு சொன்னேன்."

"இங்க நின்னு பிசையுங்க மாமா. நான் பார்த்துச் சொல்றேன்." விசிலின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகக்கவசத்துக்குள் போனது. கவசத்துக்குள் வாயில் விசில் இருந்ததால் அவன் அழுதது கீச்சு கீச்சென்று கேட்டது.

வாத்துக்காரர் பாலத்தின் நடுவில், கோட்டுக்கு அந்தப் பக்கம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஜன்னலிலிருந்து முதலில் மனைவியின் குரல் வந்தது. அவள் அவரைத்தான் திட்டினாள். பாலம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. பிறகு ஒரு சின்ன அழுகுரல் கேட்டது. அது பாதாளத்தில் விழுந்து, நாலா பக்கமும் மோதி, பத்துப் பிள்ளைகள் பிறந்த மாதிரித் திரும்பி வந்தது. அவர் அப்படியே கோட்டருகே உட்கார்ந்துவிட்டார்.

"ஆணா பொண்ணாடா?"

விசில் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டிக் கேட்டான். நர்ஸம்மா தன் பின்னலைத் தூக்கிக் காட்டினார்.

"பொண்ணு மாமா!"

தகப்பனார் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் கழற்றவில்லை.

ஊரின் ஆள் கணக்கு மாறினால் மீட்பு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. நர்ஸம்மா போய்ச் சொன்னார்.

"ஒரு ஆள் கூடியிருக்குங்க."

அதிகாரி அன்று சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். தலைமையகம் இரண்டாவதாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. தடுத்தது போதும், மாதக் கடைசிக்குள் ஒருவராவது உள்ளே வராவிட்டால் மீட்பு அலுவலகத்தையே மூடிவிடுவார்களாம். ஆள் கூடியது என்றதும் அவர் துள்ளி எழுந்தார்.

"கூடிடுச்சா? பாலம் வழியா யாரும் வரலையே! எந்த வழியா வந்தாங்க?"

"வழக்கமான வழியாத்தாங்க" என்றார் நர்ஸம்மா.

விவரம் தெரிந்ததும் வேறொருவராக இருந்தால் உட்கார்ந்திருப்பார். எங்கள் அதிகாரி உட்காரவில்லை. அறையில் இப்படியும் அப்படியும் நடந்தார். "இதுக்கு முன்னாடி இந்த ஊர்ல இருந்தாங்களா? இல்லை. இப்ப இருக்காங்களா? இருக்காங்க. இதுக்குப் பேர்தான்யா வருகை!" என்று குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டார்.

மாலையோடும் பேண்டு வாத்தியத்தோடும் பச்சை வீட்டுக்குப் போனார்கள். தாயும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கைமைக் இரண்டு பேரையும் எழுப்பியது.

"எங்கள் ஊருக்கு வந்திருக்கும் முதல் பயணியே, வருக வருக!"

பயணி அலறியது. அம்மாக்காரி எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். முந்தைய முகவரி இல்லை என்பதால் கணினி மகிழ்ச்சியோடு விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதையும், அதிகாரி தன் கட்டைவிரல் ரேகையை அலுவலக இயந்திரத்தில் வைத்தால் அனுமதிச் சீட்டு வந்துவிடும் என்பதையும் குமாஸ்தா விளக்கினார். அந்த இயந்திரம் உலகத்தில் வேறு எந்தக் கட்டைவிரலையும் மதிக்காது என்று அதிகாரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"சரிங்க சார்" என்றாள் அவள். "எம் பொண்ணு பயணின்னே வச்சுக்குங்க. அவ தனியாவா வந்தா?"

"ஏம்மா, நீங்கதான் கூட இருக்கீங்களே!"

"நான் உள்ளூரு சார். எங்கயும் போகலை, எங்கருந்தும் வரலை. படுத்த இடத்துலயே இருக்கேன். பயணியோட துணைக்கு வந்தவங்கன்னா அவங்களும் வெளியூரா இருக்கணுமில்ல?"

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆமா சார். வயசு நிரம்பாத பயணி துணையில்லாம வந்தா, திருப்பி அனுப்பணும்."

"திருப்பியெல்லாம் அனுப்ப முடியாதுங்க" என்றார் நர்ஸம்மா.

அதிகாரிக்கு வியர்த்தது. மாதக் கடைசி அவர் கண்முன் வந்து நின்றது. "இப்ப வெளியூர் ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று முதல்முறையாகக் கைமைக் இல்லாமல் கேட்டார்.

"ஒரே ஒருத்தர் இருக்காருங்க. பாலத்துல உக்காந்திருக்காரு. பூப்போட்ட சட்டை" என்றாள் அவள், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே.

துணைக்கு வருபவர் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று விதியில் இருந்தது. கம்பு உயர்ந்தது. விசில் ஊதிய ஊதலில் படகில் அடைகாத்த வாத்தே எழுந்து பார்த்ததாகச் சொல்கிறார்கள். வாத்துக்காரர் ஒன்றும் புரியாமல், மாலையோடு, தன் ஊருக்குள் தன் மகளின் துணையாளாக நுழைந்தார். வழியெல்லாம் ஊர்க்காரர்கள் கையசைத்தார்கள். கம்பளிக் கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு சால்வையை அவர் தோளில் போட்டு விலை சொன்னார்.

வீட்டு வாசலில் அதிகாரி உரையாற்றினார். "இன்னைக்கு ஒரு புதிய பாதை திறந்திருக்கு! பாலத்தை நம்பி இருந்தது போதும்! ஊர்ல இருக்கற இளம் தம்பதிகளை நான் கேட்டுக்கறேன், சுற்றுலாவை மீட்க உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க! இதுக்குன்னு தனியா ஒரு திட்டம், ஒரு குழு, தேவைப்பட்டா நேரடிக் கண்காணிப்பு..."

குமாஸ்தா கைமைக்கின் வயரை மெதுவாகப் பிடுங்கினார்.

வாத்துக்காரர் மாடிக்கு ஓடினார். விதிப்படி பயணியும் துணையாளும் இரண்டு வாரம் மூடிய அறையில் இருக்க வேண்டும். விடுதி ஊழியர் சாப்பாடு கொடுக்க மட்டும் உள்ளே வரலாம். மாடி அறை விடுதி என்றும் அம்மாக்காரி விடுதி ஊழியர் என்றும் பதிவு செய்யப்பட்டது. பசிக்கும்போதெல்லாம் பயணி மணியடிக்காமலே கூப்பிட்டது.

"லேட்டு" என்றாள் அவள்.

"கையைப் பிசைஞ்சுக்கிட்டுத்தான் நின்னேன். உன் தம்பியைக் கேளு."

"பார்த்தேன். ஜன்னல்ல தலையைத் தூக்கிப் பார்த்தேன். நர்ஸம்மா அமுக்கிப் படுக்க வச்சுட்டாங்க." அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். "இந்தாங்க. வியந்து காட்டுங்க பாக்கலாம்."

அவருக்குச் சத்தமே வரவில்லை. அந்த இரண்டு வாரமும் அவர் ஜன்னலைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எங்கள் ஊரின் தங்கும் விதி ஒருவருக்குச் சந்தோஷம் கொடுத்தது அப்போதுதான்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். தலைமையகம் மூன்றாவதாக ஒரு கடிதம் அனுப்பியது. இரண்டு பேர் வந்தது சரி, போனது எங்கே? வந்தவர் போனால்தான் பயணி, போகாவிட்டால் குடியேறியவர். புறப்பாட்டுப் படத்தை உடனே அனுப்பவும்.

அதிகாரி மாடியேறி வந்தார். "ஒண்ணுமில்லை. அதே பூப்போட்ட சட்டை, தொப்பி, கண்ணாடியோட பாப்பாவைத் தூக்கிட்டுப் பாலத்துக்கு வாங்க. கோட்டைத் தாண்டி ஒரே ஒரு அடி. ஒரு போட்டோ. உடனே திரும்பிடலாம்."

வாத்துக்காரரின் முகம் வெளுத்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

பாலத்தில் பேண்டு வாத்தியம் காத்திருந்தது. போட்டோக்காரர் இருந்தார், குமாஸ்தா இருந்தார், விசில் கம்பைத் தூக்கிப் பிடித்திருந்தான். வாத்துக்காரர் கோடு வரைக்கும் வந்தார். பெருவிரல் மஞ்சளைத் தொட்டதும் நின்றார். பிள்ளையை இறுக்கிக்கொண்டார். அவர் வீம்பு பிடிக்கவில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான்.

"வாங்க, வாங்க! தாண்டுங்க!"

"எப்படி நிக்கணும்னு தெரியலீங்க."

"என்னய்யா தெரியலை? பயணின்னா ஒரு நிமிர்வு வேணாமா? ஊரை விட்டுப் போறோமேன்னு முகத்துல ஒரு ஏக்கம் வேணாமா?"

"ஏக்கமுன்னா எப்படிங்க?"

"ஏங்க, சார்தான் அதெல்லாம் நல்லாச் செய்வாரு" என்றாள் மனைவி. "சார் நின்னு காட்டினா இவரு பாத்துக்கிட்டு அப்படியே நிப்பாரு. போட்டோவும் நல்லா விழும்."

போட்டோ என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரியின் கை தானாகத் தலையைக் கோதியது. கைமைக்கைக் கழற்றிக் குமாஸ்தாவிடம் கொடுத்தார். இரண்டடி எடுத்து வைத்துக் கோட்டைத் தாண்டினார். திரும்பி நின்றார். ஒரு கையை இடுப்பில் வைத்து, மறுகையை ஊரை நோக்கி நீட்டி, கண்ணில் ஏக்கத்தை வரவழைத்தார். "இப்படி!"

போட்டோக்காரர் எடுத்தார். அருமையான படம்.

விசில் ஊதினான். கம்பு இறங்கியது.

"எங்கிருந்து வர்றீங்க?" என்றான்.

"டேய், நான்டா!"

"அனுமதிச் சீட்டு இருக்கா சார்?"

"நான் அதிகாரிடா!"

"தெரியும் சார். நீங்களே வந்தாலும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க சார்." விசிலின் முகத்தில் கேலி எதுவும் இல்லை. மாமாவை நிறுத்தியபோது இருந்த அதே முகம்தான் இருந்தது. கண்ணில் கொஞ்சம் தண்ணீர்கூட இருந்தது.

அதிகாரி போனை எடுத்து விண்ணப்பித்தார். உள்ளூர்வாசிகள் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று வந்தது. தேவைப்பட்டிருந்தாலும் பயனில்லை; இயந்திரம் அலுவலகத்தில் இருந்தது, கட்டைவிரல் பாலத்துக்கு வெளியே இருந்தது. அவர் கட்டைவிரலைக் கம்புக்கு மேலாக நீட்டிக் காட்டினார். அதை மட்டும் உள்ளே விட முடியுமா என்று குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் பார்த்தார். அதுபற்றி ஒன்றும் இல்லை.

அவர் கத்தினார். கைமைக் இல்லாமல் அவர் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

குமாஸ்தாவுக்கு எந்த நிலைமையிலும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும். காகிதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, "எங்கள் ஊரைப் பற்றி உங்கள் கருத்து?" என்றார்.

"யோவ், விளையாடாதய்யா! என்னை உள்ள விடச் சொல்லுய்யா! உள்ள விடு! உள்ள விடு!"

குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

வாத்துக்காரர் பூப்போட்ட சட்டையைக் கழற்றி மடித்துக் கோட்டின்மேல் வைத்தார். தொப்பியையும் கண்ணாடியையும் அதன்மேல் வைத்தார். "ராத்திரி குளிருங்க சார்" என்றார். கம்பளிக் கடைக்காரரிடம் சொல்லி ஒரு சால்வையும் வைக்கச் செய்தார். பிறகு மூன்று பேருமாக நேராக வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் மனைவி இரண்டு தூக்குகளில் சாப்பாடு போட்டாள்.

"ஒண்ணு உன் தம்பிக்கு. இன்னொண்ணு யாருக்கு?" என்றார் வாத்துக்காரர்.

"பாவம், யாரோ வெளியூர் ஆளு பாலத்துல நிக்கிறாராம்" என்றாள் அவள்.

தொட்டிலில் பிள்ளை தூங்கிவிட்டது. ஏரியில் வாத்து தன் குஞ்சுகளை இறக்கி நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் குமாஸ்தா இருமினார், பழைய இருமல்தான் என்றார், வாசித்தார்.

"இன்று வந்த பயணிகள்: இல்லை. வர முயன்றவர்: ஒருவர். அவர் மீண்டும் மீண்டும் வர விரும்புகிறார்."